கயிறு யார் கையில்?

காரைக்காலிலிருந்து தெற்கே கடற்கரை வளைவு நெளிவு அதிகம் இல்லாமல் நேராக இறங்குகிறது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். பிறகு நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போனதும் கோடிக்கரையில் நிலம் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்துக்கு எதிரே, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால், யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை இருக்கிறது. காரைக்காலிலிருந்து கோடிக்கரைக்கு உள்ள தூரத்தைவிடக் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு உள்ள தூரம் குறைவு.

நடுவில் கிடக்கும் கடலுக்குப் பாக் நீரிணை என்று பெயர். 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அது. ஆழம் குறைந்த கடல், ஆனால் நீரோட்டம் வலுத்த கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தண்ணீரைத் தெற்கே தள்ளும். ஆனி, ஆடியில் சோழகம் என்ற தென்காற்று அதை வடக்கே திருப்பும். இரண்டுக்கும் நடுவே, மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை, கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அந்தச் சில வாரங்களை நம்பி இரண்டு வகை மனிதர்கள் இங்கே தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். முதலாமவர்கள், நீரிணைக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள். இரண்டாமவர்கள், நீரிணையையே நீந்திக் கடந்தவர்கள். முன்னவர்களுக்கு அது பிழைப்பு. பின்னவர்களுக்கு அது விளையாட்டு. இருவருக்கும் முதலீடு ஒன்றுதான்: உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது. ஒருவர் தண்ணீரில் இறங்கும்போது மேலே படகில் யார் நிற்கிறார், செலவு யாருடையது, கரையில் யார் காத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனால் இந்த இரண்டு கதைகளும் ஒரே வரலாறாகச் சேர்ந்துவிடுகின்றன.

முத்துக்குளிப்பை இந்தக் கரையில் சலாபம் என்பார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையைச் சொல்லி, அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ காணும் காட்சி வேறு. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து படகு அமர்த்துகிறார்கள், குளியாளர்களுக்குக் கூலி பேசுகிறார்கள், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு போகிறது. பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரக்காரரைத் தமிழில் கடல்கட்டி என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கம்கூட அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. துரைமார்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் குளியாளர் எவரும் கடலில் கால் வைக்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுறாவைப் பற்றிய பயத்தைத் தணிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது, இன்றைய விளையாட்டு அணிகள் மனநல ஆலோசகரை வைத்துக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கரையில் நடந்திருக்கிறது.

வேலை நடந்த விதத்தைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். நள்ளிரவில் பீரங்கி வெடித்ததும் கரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் புறப்படும். விடியும்போது சிப்பி விளையும் கடலடித் திட்டான பாரின் மேல் நிற்கும். படகுக்குத் தலைவராக ஒரு தண்டல், பத்துக் குளியாளர், ஐந்து கல். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்க, மற்றவர் மூச்சு வாங்குவார். கல் என்பது முப்பது ராத்தல் வரை கனக்கும் கருங்கல். முனையில் துளை, துளையில் கயிறு, கயிற்றில் கால் நுழைக்க ஒரு கண்ணி. குளியாள் ஒரு காலைக் கண்ணியில் வைத்து, வலைக்கூடையை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்து, தம் கட்டுவார். கை காட்டியதும் மேலே இருப்பவர் கயிற்றைத் தளர்த்துவார். கல் ஆளை ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இழுத்துப் போய்விடும். தரை தட்டியதும் காலை உருவிக்கொள்ள, கல் மேலே ஏறிவிடும். பிறகு இருப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் தரையில் ஊர்ந்து சிப்பிகளை அள்ளிப் போட்டு, கூடைக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார்.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை இப்படி. 1804ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பார்த்து எழுதிய ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் இந்தக் கணக்கைத் தருகிறார். மதியம் கடல்காற்று எழும்பும்போது படகுகள் அதே காற்றில் கரைக்குத் திரும்பும். ஆறு, ஏழு மணி நேரம் இடைவிடாமல் மூச்சை அடக்கி அடக்கி விடுவதும், காதை அழுத்தும் ஆழத்துக்கு இறங்கி ஏறுவதும் என்னவென்று நெடுந்தூர விளையாட்டில் இருப்பவர்களுக்கு விளங்கும். மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவதை அந்தக் காலத்து நூல்கள் சாதாரணச் செய்தியாகவே சொல்லிச் செல்கின்றன.

இந்த வேலைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தகப்பனோடும் மாமனோடும் கடலுக்குப் போய்க் கற்றதுதான். குடும்பம் பயிற்சியோடு நிற்கவில்லை, படகுக்குள்ளேயே இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள்: முத்துக் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்கவேண்டும். கூடப் பிறந்தவன்கூட ஒரு கணம் அசந்துபோகலாம். மனைவியின் அண்ணன் தம்பி அசரமாட்டான், கயிறு நழுவினால் அறுவது அவன் அக்காள் தங்கையின் தாலி. எல்லாப் படகிலும் அப்படித்தான் நடந்ததா என்பதைவிட, அந்தத் தொழிலில் இருந்தவர்கள் இதை ஒரு விதியாகச் சொல்லி வைத்தார்களே, அதுதான் பெரிது. உயிரை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

கூலியும் சிப்பியாகவே வந்தது. 1904இல் இலங்கை அரசுப் பணிக்கு வந்த லெனர்ட் வுல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர், 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் வேலை பார்த்தவர். மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டி என்ற வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைத்தது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட குளியாளர்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரபிக்கரையிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் தமிழரும் சோனகரும். கரையேறிய சிப்பியைக் குளியாளர்களே மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். எந்த இரண்டு தனக்கு என்பதை அரசு அதிகாரி தேர்ந்தெடுப்பார். மிஞ்சிய ஒன்று உழைத்தவர்களுக்கு. குவியலைச் சமமாகப் பிரிக்காவிட்டால் நஷ்டம் பிரித்தவருக்கே.

அதற்கு முந்தைய ஆண்டு, 1905இல், எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு வந்த வருமானம் 25 லட்ச ரூபாய். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத் தொழில் செழித்தது என்று நினைத்துவிடக்கூடாது. 1891க்குப் பிறகு 1903 வரை இலங்கைப் பக்கம் சலாபமே நடக்கவில்லை. பாரில் சிப்பி இல்லை. அதற்கு முன்பும் 1838 முதல் 1854 வரை இதே கதைதான். பதினாறு வருடம் என்பது ஒரு குளியாளரின் உடம்பு தெம்பாக இருக்கும் காலம் முழுவதும். இருபது வயதில் தகப்பனிடம் தொழில் கற்றவர் முப்பத்தாறு வயது வரை ஒரு சலாபமும் காணாமல், சங்கு எடுத்தும் வலை இழுத்தும் காலத்தை ஓட்டியிருப்பார். தாங்குதிறனை மட்டும் கைம்முதலாக வைத்துப் பிழைப்பதில் உள்ள கண்டம் இது. உடம்பு தயாராக இருக்கும் வருடம் கடல் தயாராக இருக்காது.

1906இல் ஒரு லண்டன் கம்பெனி பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907 சலாபத்தோடு சிப்பி ஓய்ந்துபோய்க் கம்பெனியும் நொடித்தது. இலங்கையில் 1925இல் ஒருமுறை நடந்தது, அதோடு சரி. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை வரிசையாகச் சலாபங்கள் நடந்தன. பிறகு அங்கும் நின்றது.

அந்தக் கடைசி வரிசை தொடங்குவதற்கு ஓராண்டு முன்புதான் இரண்டாவது கதை ஆரம்பிக்கிறது.

1954 மார்ச்சில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர். வல்வெட்டித்துறை அப்படி ஒருவரை அனுப்பியதில் வியப்பில்லை. பாய்மரக் கப்பல் கட்டி வங்கக் கடல் முழுவதும் ஓட்டிய ஊர் அது. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஓட்டிப் போனவர்கள் ஊர்க்காரர்களே. கோடிக்கரையும் வேதாரண்யமும் அவர்களுக்கு அடுத்த தெரு மாதிரி. தீர்த்தமாடவும் திருவிழா பார்க்கவும் படகேறி வந்துபோனவர்கள்.

ஆனால் அந்த வருடம் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் ஜான் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று, நீரிணை வழியாக அனுமதியின்றி ஆட்கள் போவதைத் தடுப்பது. அதுவரை அண்டை வீட்டுப் படலைபோல் திறந்து கிடந்த கடலுக்குச் சட்டத்தின் பூட்டு விழுந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருவர் அதே கடலைக் கைகளால் நீந்திக் கடந்து சாதனை வீரர் ஆகிறார்! கல்கி வார இதழில் பொன்னியின் செல்வன் தன் கடைசிக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் படகு வலிக்கும் பூங்குழலியைத் தமிழ் வாசகர்கள் அதில் படித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த் திசையில் ஒருவர் படகே இல்லாமல் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி காரைக்காலில், 1739இல் தொடங்கிய பிரெஞ்சு ஆட்சி முடிந்து இந்திய நிர்வாகம் வந்தது. சோழமண்டலக் கரையில் யார் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று எல்லைகள் புதிதாக எழுதப்பட்ட ஆண்டாக 1954ஐச் சொல்லலாம்.

நெடுந்தூரக் கடல் நீச்சலின் விதிகளை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளவேண்டும். ஆங்கிலக் கால்வாய் நீச்சலில் உருவாகி உலகமெங்கும் பரவிய விதி ஒன்று உண்டு: துணைப் படகு பக்கத்திலேயே வரலாம், குடிக்கவும் உண்ணவும் கோலில் கட்டியோ கயிற்றில் விட்டோ கொடுக்கலாம், ஆனால் நீந்துபவர் படகைத் தொடக்கூடாது, படகில் இருப்பவர் நீந்துபவரைத் தொடக்கூடாது. தொட்டால் நீச்சல் செல்லாது. முத்துப் படகில் மச்சானுக்கு இருந்த கடமை, கயிறு அசைந்ததும் இழுப்பது. நீச்சல் படகில் இருப்பவரின் கடமை, கையை அடக்கிக்கொண்டு நிற்பது. எப்போது அந்த விதியை உடைத்து ஆளைத் தூக்குவது என்ற முடிவுதான் அவர் சுமக்கும் பாரம். வாந்தி எடுப்பதையும், ஜெல்லி மீன் தீண்டித் தோள் வீங்குவதையும், இருபது மணி நேரத்துக்குப் பிறகு பேச்சு குழறுவதையும் அவர் பார்த்துக்கொண்டே வரவேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பவர் பெற்றவரோ, கட்டியவரோ, பயிற்சியாளரோதான்.

நவரத்தினசாமிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தவர் மிஹிர் சென். கல்கத்தா வழக்கறிஞர், 1958இல் ஆங்கிலக் கால்வாயை 14 மணி 45 நிமிடத்தில் கடந்த முதல் இந்தியர். 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். அவர் ஏறிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலில் அழிந்து ஒன்றேகால் வருடம் ஆன இடிபாடு. துணைக்கு வந்தவை இந்தியக் கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற இரண்டு கப்பல்கள். அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியைக் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேடு ஏற்றது. மீதிக்குப் பிரதமர் இந்திரா காந்தி ஏற்பாடு செய்தார். பிறகு அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று நான்கையும் முடித்தார். ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகள்!

இந்த ஐந்துக்கும் அவர் எத்தனை மாதம் வீட்டில் இல்லாமல் இருந்திருப்பார், வழக்கறிஞர் தொழில் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சாதனையின் மறுபக்கம் தெரியும். நீச்சல் அவருக்குச் சோறு போடவில்லை. வேறு தொழில்கள் செய்துதான் நீந்தினார். பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் வாங்கிய அவர் 1997இல் இறக்கும்போது நோயும் பண நெருக்கடியும் சூழ்ந்திருந்தன.

ஈழத்தில் இந்தக் கதையின் நடுநாயகம் ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறையில் 1943இல் பிறந்தவர், அவரும் வழக்கறிஞர். 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தி, 51 மணி நேரத்தில் முடித்தார். இரண்டு இரவுகளுக்கு மேல் தூக்கமே இல்லை. கரை தென்பட்டபின் ஏறாமல் திரும்புவது எப்படிப்பட்ட மனம் என்பதை நீச்சல் தெரியாதவர்கூட ஊகிக்கலாம். அந்த ஒரு சாதனையோடு அவர் நிறுத்தவில்லை. கொழும்பில் ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றது உட்படப் பல தாங்குதிறன் சாதனைகள் கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயரில் ஏறின. 1984 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்விட்டார். வயது 41. ஓராண்டுக்கு முன்புதான் 1983 ஜூலைக் கலவரம் கொழும்புத் தமிழர்களின் வாழ்க்கையைச் சிதைத்திருந்தது.

அவர் ஏன் ஒரு சாதனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தார் என்பதற்கு ஆசை மட்டும் காரணமாக இருக்கமுடியாது. கடல் நீச்சலில் லீக் கிடையாது, டிக்கெட் கிடையாது, மைதானம் கிடையாது. பார்வையாளர்கள் இரு கரையிலும் மட்டுமே இருப்பார்கள். நடுவில் நடப்பதைக் காண்பவர்கள் படகில் இருக்கும் நாலைந்து பேர். இப்படிப்பட்ட விளையாட்டில் அடுத்த பயணத்துக்குப் பணம் வேண்டும் என்றால் பெயர் செய்தியிலேயே இருக்கவேண்டும். செய்தியில் இருக்கவேண்டும் என்றால் புதிதாக ஏதாவது தாங்கிக் காட்டவேண்டும்.

உலகில் இந்த வலையில் முதலில் சிக்கியவர் கேப்டன் மேத்யூ வெப். 1875இல் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்து காட்டிய முதல் மனிதர். பிறகு அவர் கப்பல் வேலையை விட்டுவிட்டு முழுநேர நீச்சல்காரர் ஆனார். பந்தயம், சொற்பொழிவு, கண்ணாடித் தொட்டியில் நாள்கணக்கில் மிதந்து காட்டும் காட்சி. கூட்டம் குறையக் குறைய ஆபத்து கூடியது. 1883 ஜூலை 24 அன்று நயாகரா அருவிக்குக் கீழேயுள்ள சுழல் வெள்ளத்தில் பணத்துக்காகக் குதித்து இறந்தார். திருமணமாகி மூன்றே ஆண்டுகள்; மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் மிஞ்சினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வரிசையில் மிகச் சிறிய வயதில் வந்தவர் குற்றாலீஸ்வரன். ஈரோட்டில் 1981 நவம்பரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். பாக் நீரிணையும் ஆங்கிலக் கால்வாயும் உட்பட ஆறு நீர்வழிகளை 1994 என்ற ஒரே ஆண்டில் நீந்தி, மிஹிர் சென்னின் ஐந்தைத் தாண்டினார். அப்போது அவருக்கு வயது 12. அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளில் அந்தப் பையனின் முகம் வராத வாரம் இல்லை. 1996இல் அர்ஜுனா விருது கிடைத்தது. அதன் பிறகு அவர் போட்டி நீச்சலை விட்டுப் பொறியியல் படிப்புக்குப் போய்விட்டார். கடல் நீச்சலுக்கு ஆதரவாளர்கள் கிடைக்கவில்லை என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் அவர் குடும்பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 12 வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி நீச்சல் குளத்துக்குக் கொண்டுபோய், பள்ளிக்கு அனுப்பி, மாலையில் மறுபடி குளத்துக்குக் கூட்டிப்போய், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கதவு கதவாகத் தட்டிப் பணம் திரட்டுவது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முழு ஆயுளையும் விழுங்கும் வேலை. நாடு பதக்கம் குத்தியது. கயிற்றைக் கடைசிவரை பிடித்திருந்தவர்கள் வீட்டுக்காரர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் படிப்பா, கடலா என்று தேர்ந்தெடுக்கவேண்டிய நிலையில் எந்தத் தகப்பனும் படிப்பைத்தான் தேர்ந்தெடுப்பார்.

தரையில் ஓடுபவர்களுக்கு இந்தியாவில் வேறொரு வழி திறந்திருந்தது: ராணுவமும் ரயில்வேயும். காரைக்காலுக்குத் தென்மேற்கே புதுக்கோட்டை. மழை குறைந்த, கண்மாய்களை நம்பிய மாவட்டம். அங்கே லோகநாதன் என்ற பயிற்சியாளரிடம் ஓடக் கற்றவர்கள் கோவிந்தன் லட்சுமணனும் சூரியாவும். 2016இல் குவஹாத்தியில் நடந்த தெற்காசியப் போட்டியில் சூரியா 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டு புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் லட்சுமணன் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, ஓட்டத்தின் நடுவே கால் தடத்தைவிட்டு உள்ளே பட்டது என்று தகுதி நீக்கப்பட்டார். இருபத்தைந்து சுற்று ஓட்டத்தில் ஒரு அடி.

லட்சுமணன் ராணுவ வீரர். மாதம் பிறந்தால் சம்பளம், காயம் பட்டால் மருத்துவம், ஓய்ந்தால் ஓய்வூதியம். இந்தியாவில் நெடுந்தூர ஓட்டத்தைத் தொழிலாக மாற்றியது பரிசுத்தொகையைவிட இந்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். அதன் விலை, ஆண்டில் பெரும்பகுதியை முகாமில் கழிப்பது. பெங்களூரு, ஊட்டி என்று தேசியப் பயிற்சி முகாம்கள் நடக்கும்போது வீட்டில் நல்லது கெட்டது தொலைபேசியில்தான். இருந்தாலும் 1906இல் மூன்றாவது குவியலுக்காகக் காத்திருந்த குளியாளருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருக்கிறது: போட்டி இல்லாத வருடத்திலும் அடுப்பு எரியும். கடல் நீந்துபவர்களுக்கு அந்த ஏற்பாடு போதிய அளவு செய்யப்படவில்லை. ஒலிம்பிக்கில் 2008 முதல் 10 கிலோமீட்டர் திறந்தநீர் நீச்சல் இருக்கிறது. இவ்வளவு நீண்ட கடற்கரை உள்ள மாநிலத்துக்கு அது காதில் விழுந்திருக்கவேண்டும்.

காரைக்கால் கரைக்கே திரும்பினால், தாங்குதிறன் இங்கே இன்றும் கூலிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களின் விசைப்படகுகள் தங்கு கடலுக்குப் போகின்றன. ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் ஏற்றிக்கொண்டு அரசலாற்று முகத்துவாரம் வழியாக வெளியேறினால் கரை திரும்பச் சில நாட்கள் ஆகும். இரவும் பகலும் வலை விட்டு, வாங்கி, இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் கண் அயர்வது. பங்கு மீனைப் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதாவது கடல் அடங்கி இருக்கும் மாதங்களில் பாதியைக் கரையில் கழிக்கவேண்டும். கோடிக்கரைக்குக் கிழக்கே போனால் கண்ணுக்குத் தெரியாத எல்லைக் கோடு. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகிலிருந்த மீனவர்கள் காயமடைந்தார்கள். டெல்லி, இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது.

அதே கோட்டை நீந்திக் கடக்க அனுமதி உண்டு. இரு நாட்டு அரசுகளிடமும் முன்கூட்டியே எழுதிப் பெறவேண்டும். 2021 மார்ச்சில் ஐதராபாத்தைச் சேர்ந்த சியாமளா கோலி, பிறகு ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் இலங்கைக்கே நீந்தித் திரும்பிய ரோஷன் அபேசுந்தர, 2022 மார்ச் 20 அன்று மும்பையைச் சேர்ந்த 13 வயது ஜியா ராய் என்று எல்லாருமே பழைய சலாப மாதங்களில்தான் இறங்கினார்கள். ஜியா ஆட்டிசம் உள்ளவர். தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 13 மணி 10 நிமிடம். எல்லைக் கோடு வரை இலங்கைக் கடற்படையின் பாதுகாப்பு, கோட்டைத் தாண்டியதும் இந்தியப் பக்கத்தின் பொறுப்பு. அவருடைய தந்தை இந்தியக் கடற்படையில் பணிபுரிபவர்.